மானிய வீடு: கடைக்கால் தோண்டும் முன்பே நடக்கும் தவறுகள்

மானியத்தில் கட்டத் தொடங்கி லிண்டல் மட்டத்தோடு (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) நின்றுபோன வீடுகளைக் கொங்கு கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். சுவரில் பாசி பிடித்திருக்கும். பக்கத்திலேயே பழைய குடிசையில் குடும்பம் இருக்கும். விசாரித்தால், பெரும்பாலும் கடைக்கால் (அஸ்திவாரம்) தோண்டுவதற்கு முன்பே எங்கோ கணக்கு தப்பியிருக்கும். அப்படித் தப்புகிற இடங்களைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது வீட்டின் அளவு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். கிராமங்களுக்கான பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு தருவது இன்னொரு 1.20 லட்சம். அதே பிரதமர் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் 2024-ல் வந்த இரண்டாம் கட்டப்படி, சொந்த மனையில் கட்டுபவருக்கு மத்திய, மாநிலப் பங்கு சேர்ந்து 2.50 லட்சம். எல்லாமே சின்ன வீட்டுக்குப் போட்ட தொகை. ஆனால் "கட்டறதே ஒரு தடவை, கொஞ்சம் பெருசாவே எடுத்துப்போடலாமுங்க" என்று மேஸ்திரி சொன்னதும் 700 சதுர அடிக்குக் கடைக்கால் எடுத்துவிடுகிறார்கள். முதல் தவணையும் வீட்டில் இருந்த நகையும் மண்ணுக்குள் போன பிறகு, லிண்டலுக்கு மேலே போகப் பணம் இருப்பதில்லை. அடுத்த நிலை முடியாமல் அடுத்த தவணையும் வராது.

மானியம் மொத்தமாக முன்பணமாக வருவதில்லை. கடைக்கால், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு நிலையையும் முடித்து, இடக்குறியோடு படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே ஒரு நிலையை முடிக்கும் அளவுக்காவது கையில் சுழற்றப் பணம் வேண்டும். அரசு வழியாகச் சிமெண்டும் கம்பியும் வாங்கினால் அதன் விலையைத் தவணையில் பிடித்துக்கொள்வார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் கொத்தனாருக்குக் கூலி பேசிவிட்டு, பிறகு வட்டிக்கு ஓடுபவர்கள் நிறைய.

பெரிய வீடு வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு ஒரு வழி உண்டு. திட்டம் சொல்லும் அளவுக்குள் முழு வீடாக முடியும்படி வரைபடம் போடுங்கள். மனையில் ஒரு பக்கம் இடம் விட்டு, அந்தப் பக்கச் சுவரில் லிண்டலோடு ஒரு வாசல் இடைவெளி வைத்து, இப்போதைக்குச் செங்கல்லால் அடைத்துவிடுங்கள். நாலு வருடம் கழித்து இன்னோர் அறை சேர்க்கும்போது சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

அப்புறம் பட்டா. நம் பக்கம் நிலத்தை வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து, பத்திரம் பதியாமலே தலைமுறை கடத்துகிறோம். பட்டா இன்னும் அப்பாரு (தாத்தா) பெயரில் இருக்கும், இல்லாவிட்டால் பங்காளிகள் நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். மானியம் வருகிறது என்று தெரிந்ததும் ஒருவர் ஆட்சேபம் சொன்னால் போதும், விண்ணப்பம் நின்றுவிடும். பாகப்பிரிவினையைப் பதிந்து, சர்வேயர் அளந்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். பட்டியலில் பெயர் வரட்டும் என்று காத்திருக்காமல் இதை இன்றே தொடங்குவது நல்லது. நகர்ப்புறத் திட்டத்தில் வீடு குடும்பத் தலைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பதால், மனையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்களுக்குக் கனவு இல்லம் கிடைக்காது. அவர்கள் முதலில் மனைப் பட்டாவுக்கு மனு கொடுக்க வேண்டும்.

எந்த அலுவலகம் என்பதிலும் குழப்பம் உண்டு. கோவை, ஈரோடு மாவட்டங்களில் பேரூராட்சிகள் நிறைய. பார்க்கக் கிராமம் மாதிரியே இருக்கும், ஆனால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அந்த ஊருக்கு வேலை நடக்காது. நகர்ப்புறத் திட்டத்தின் கீழ், பேரூராட்சி அலுவலகம் அல்லது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆடி பிறப்பதற்குள் பூஜை போட்டுவிடலாம் என்று வேலை உத்தரவு வருவதற்கு முன் மண்வெட்டி எடுக்காதீர்கள். கட்டாத மனையை அதிகாரிகள் படம் எடுத்தாக வேண்டும். முன்பே தொடங்கிய வேலைக்குத் தவணை கேட்பது பெரும் சிக்கல்.

இவ்வளவும் காகிதம், பணம் பற்றியது. கட்டும் முறையில் நடக்கும் தவறோடு ஐம்பது வருடம் வாழ வேண்டியிருக்கும். வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் வீட்டுக்குள் இறக்கும். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை, வைகாசியில் உள்ளே படுக்கவே முடியாது. தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதுதான் மிக மலிவான தீர்வு. வசதி இருந்தால் வெள்ளை ஓடு பதிக்கலாம். மேற்குச் சுவர்ப் பக்கம் படுக்கும் அறையை வைக்காமல் குளியலறையோ சாமான் அறையோ வைப்பது நல்லது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை வீணாக்கக் கூடாது. அங்கே மேற்கில் அகலமான சன்ஷேடோடு ஒரு ஜன்னலும், காற்று வெளியேற நேரெதிரே கிழக்கில் இன்னொன்றும் வேண்டும். ஒரே பக்கம் ஜன்னல் வைத்தால் காற்று உள்ளே சரியாகப் புகாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வயதானவர்களை நினைக்காமல் கட்டும் வீடுகள். ரோடு உயர்ந்துகொண்டே போகும் என்று பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டின் தரை மட்டத்தை, மூன்றடி தூக்குகிறார்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. இரண்டு சென்ட் மனையில் அதற்கு எங்கே போவது? தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால் ஒன்றரை அடி போதும். கழிப்பறைக் கதவை இரண்டரை அடியில் வைத்தால், நிலைச்சட்டம் போக மிஞ்சும் இடத்தில் சக்கர நாற்காலி நுழையாது. மூன்றடிக் கதவு, படியில்லாத வாசல், சுவரில் ஒரு பிடிகம்பி: கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம். அமுச்சி (பாட்டி) விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு இடித்துக் கட்டுவது பெரும் செலவு. வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டுத் திட்டங்களில் அவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது.

சோலார் மானியம் தனித் திட்டம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரத்துக்குள் ஓடும் வீட்டுக்கு இதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. அதற்கு மேல் ஓடும் வீட்டுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், ஏறக்குறைய 100 சதுர அடி தளம் பிடிக்கும். மின் இணைப்பு விண்ணப்பதாரர் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை வடக்கு ஓரமாக வைக்கும்படி தளம் போடும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிட்டால், பின்னால் எப்போது பலகை மாட்டினாலும் அதன் மேல் நிழல் அவ்வளவாக விழாது.