பீட்டா இயங்குதளத்தில் கைவைக்கும் முன்

ஒருமுறை என்னிடமிருந்த ஒரே மடிக்கணினியில் இயங்குதளத்தின் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு ஒன்றை ஏற்றினேன். மறுநாள் வைஃபை வேலை செய்யவில்லை. வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கி நிறுவினால் சரியாகிவிடும். ஆனால் அதை இறக்கவே இணையம் வேண்டுமே! பீட்டாவுக்குள் போக நாலு கிளிக் போதும். திரும்பி வரத்தான் ஒரு நாள் போய்விடும்.

படி 1: பெயரைப் பாருங்கள்

ஆல்ஃபா, பீட்டா, நைட்லி, டெஸ்டிங், கேனரி என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது இன்னும் அரைவேக்காடு. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் அன்ஸ்டேபிள் (நிலையற்ற) கிளைக்கு ‘சிட்’ என்று பெயர். பொம்மைகளை உடைத்து விளையாடும் ஒரு கார்ட்டூன் பையனின் பெயர் அது. இதைவிடத் தெளிவாக எப்படி எச்சரிப்பது? உபுண்டு லினக்ஸ் என்றால் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பையே எடுங்கள். உதாரணமாக, 24.04 எல்டிஎஸ் 2024 ஏப்ரலில் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு.

படி 2: வெளியே வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்ட்ராய்டு பீட்டாவிலிருந்து பாதியில் விலகிப் பழைய பதிப்புக்கு வந்தால் ஃபோனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஐஃபோனில் வேறொரு சிக்கல்: பீட்டாவில் இருக்கும்போது எடுத்த பேக்கப்பைப் பழைய ஐஓஎஸ் ஏற்காது. ஆகவே பீட்டா ஏற்றும் முன்பே கணினியில் பேக்கப் எடுத்து, அதை ஆர்க்கைவ் செய்து தனியாகப் பத்திரப்படுத்திவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதிவிடும்.

படி 3: பேக்கப்

வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய ஆவணங்களை அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. இத்தனைக்கும் அது பீட்டாகூட இல்லை.

படி 4: கணினிக்குள் ஒரு கணினி

ஆசை இன்னும் அடங்கவில்லையா? சரி, உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவுங்கள். அது இலவசம். லினக்ஸ் சோதனைப் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, ‘நியூ’வை அழுத்தி, அந்தக் கோப்பைக் காட்டுங்கள். உங்கள் கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தால் 4 ஜிபி கொடுக்கலாம். டிஸ்க்குக்கு 25 ஜிபி. அப்புறம் ‘ஸ்டார்ட்’.

நிறுவும்போது “டிஸ்க்கை முழுதாக அழிக்கவா?” என்று கேட்கும். பயப்பட வேண்டாம், அது அழிக்கப்போவது அந்த 25 ஜிபி போலி டிஸ்க்கை மட்டுமே. இதே கேள்வி விர்ச்சுவல்பாக்ஸுக்கு வெளியே, நிஜக் கணினியில் வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள்.

நிறுவி முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்து வையுங்கள். எதையாவது கெடுத்துவிட்டால் அந்தப் போலிக் கணினியை அணைத்து, ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒரு குறை உண்டு. வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, ஸ்லீப் போன்றவை உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடுமா என்பது இதில் தெரியாது. அதற்கு யூஎஸ்பியிலிருந்து லைவாக, அதாவது கணினியில் நிறுவாமலே, ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ‘ட்ரை’ என்பதையே அழுத்த வேண்டும், ‘இன்ஸ்டால்’ அல்ல.