ஓமானுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: ஊர் வழக்கம், படிப்படியாக

ஓமானுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் முதலில் கேட்பது விசா, ஹோட்டல், எந்தெந்த இடம் பார்க்கலாம் என்பதைத்தான். அதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். இந்தப் பதிவு அங்கே மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்பதைப் பற்றியது. ஓமான்காரர்கள் விருந்தாளியின் முகம் சுருங்கும்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நீங்கள் இடது கையால் கோப்பையை வாங்கினாலும், அரைக்கால் சட்டையோடு கிராமத்துச் சந்தில் நடந்தாலும், ஸலாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள், ஆனால் உள்ளுக்குள் சங்கடப்படுவார்கள். யாரும் திருத்த மாட்டார்கள் என்பதால்தான் நாமே முன்கூட்டித் தெரிந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது.

படி 1: தேதியைப் பாருங்கள்

முதலில் நோன்பு மாதம் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும். ரமலானில் பகல் நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, புகைப்பது எல்லாம் ஓமானில் சட்டப்படியே குற்றம், எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. காருக்குள் உட்கார்ந்து குடித்தாலும் வெளியே தெரிந்தால் பொது இடம்தான். ஹோட்டல் அறைக்குள் சாப்பிடலாம், தடையில்லை. பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும், அலுவலக நேரமும் குறையும். ஆனால் சூரியன் மறைந்ததும் ஊரே விழித்துக்கொள்ளும், அந்த இரவுகளைப் பார்ப்பதற்காகவே ரமலானில் போகலாம் என்பது என் கருத்து.

வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளியன்று நண்பகல் ஜும்ஆ என்ற கூட்டுத் தொழுகை முடியும்வரை கடைகள் பெரும்பாலும் திறக்காது. மற்ற நாட்களிலும் மத்தியானம் ஒரு மணி வாக்கில் மூடி நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், மஸ்கட்டின் பழைய சந்தையான முத்ரா ஸூக் உட்பட. பெரிய மால்களுக்கு இந்தக் கணக்கு இல்லை.

படி 2: பெட்டியில் என்ன துணி வைப்பது

வெளிநாட்டுப் பெண்கள் தெருவில் தலையை மூட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. தோளும் முழங்காலும் மறைய வேண்டும், துணி உடலோடு ஒட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் சுடிதார் இதற்கென்றே தைத்த மாதிரி பொருந்தும், துப்பட்டாவைப் பள்ளிவாசலுக்குள் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. இந்த விதி பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு அரைக்கால் சட்டையோடு சுற்றுகிற ஆண்களை நிறையப் பார்க்கிறோம். உள்ளூர் ஆண்கள் எல்லாரும் கணுக்கால்வரை திஷ்தாஷா என்ற நீள அங்கி, தலையில் பூவேலை செய்த கும்மா தொப்பி என்று போகிற தெருவில் அது நன்றாகவே தெரியும்.

படி 3: பணம், மருந்து

ஒரு ரியால் என்பது ஆயிரம் பைசா. நூறு பைசா இல்லை, ஆயிரம். ஒரு ரியால் 2.6 அமெரிக்க டாலர் என்று 1986 முதல் கட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் 'மூணு ரியால்தானே' என்று கொடுத்துவிட்டால் நம் கணக்கில் பெரிய தொகை. ஊரில் யாராவது பழைய ரியால் தாள் வைத்திருந்து கொடுத்தால் கவனம்: 2020-க்கு முந்தைய தாள்கள் 2024 முடிவோடு செல்லாதவை ஆகிவிட்டன.

மருந்து எடுத்துப்போனால் மருத்துவர் சீட்டோடு, மூல அட்டையிலேயே எடுத்துப் போங்கள். வலுவான வலி மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. மது கிடைப்பது உரிமம் உள்ள ஹோட்டல்களில் மட்டும்தான், கடற்கரையிலோ கூடாரத்திலோ திறந்தவெளியில் குடிப்பது வேண்டாம்.

படி 4: ஸலாமும் நலம் விசாரிப்பும்

கடைக்குள் போனதும் 'இது என்ன விலை' என்று ஆரம்பிக்காதீர்கள். 'அஸ்ஸலாமு அலைக்கும்' சொல்லுங்கள், அவர் 'வ அலைக்குமுஸ்ஸலாம்' என்பார், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார், நீங்களும் கேளுங்கள். இரண்டு ஓமான்காரர்கள் சந்தித்தால் இந்த விசாரிப்பு ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓடும், உடல்நலம், வீட்டார், ஊர்ச் செய்தி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்த பிறகுதான் வந்த காரியத்துக்கே வருவார்கள். வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகிறது என்று முகம் சுளிக்க வேண்டாம், அதை அவசரப்படுத்துவதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

ஆண்கள் ஆண்களோடு கைகுலுக்கலாம். பெண்ணிடம் நீங்களாகக் கையை நீட்டாதீர்கள், அவர் நீட்டினால் மட்டும் குலுக்குங்கள், இல்லையென்றால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும். பெண் பயணிகளுக்கும் ஓமான் ஆண்களிடம் இதே வழிதான். ஒருவரிடம் 'வீட்டில் எல்லாரும் நலமா' என்று கேட்கலாம், மனைவியைப் பற்றித் தனியாக விசாரிப்பது வழக்கமில்லை.

மதம் பற்றிப் பேச்சு வந்தால் ஒன்று தெரிந்திருப்பது நல்லது. ஓமானில் இபாதி என்ற பிரிவு இருக்கிறது, சுன்னியும் இல்லை ஷியாவும் இல்லை. சுன்னிகளும் ஷியாக்களும் அவர்களோடு கலந்தே வாழ்கிறார்கள், ஆகையால் 'நீங்கள் எந்தப் பிரிவு' என்று கேட்கிற பழக்கம் வேண்டாம். மஸ்கட்டில் பழைய சிவன் கோயில் ஒன்றும் தர்ஸைத் பகுதியில் கிருஷ்ணன் கோயில் ஒன்றும் பூசையோடு நடக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 5: கஹ்வா வந்தால்

இதுதான் முக்கியமான படி, ஏனென்றால் ஓமானில் நீங்கள் நாலு பேரோடு பேசினால் அதில் ஒருவராவது கஹ்வா, அதாவது அவர்கள் ஊர்க் காபி, குடிக்கக் கூப்பிடுவார். அது வாய் வார்த்தைக்குச் சொல்வது இல்லை. அவசர வேலை இருந்தாலும் ஒரு கோப்பையாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள், அடியோடு மறுத்தால் அவர் மனம் நோகும்.

உள்ளே போகும்போது வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மஜ்லிஸ் என்ற வரவேற்பறையில் ஓரமாகத் திண்டு போட்டிருப்பார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் எல்லாரிடமும் கைகொடுத்து ஸலாம் சொல்லிவிட்டு உட்காருங்கள், உள்ளங்கால் யார் பக்கமும் நீளாமல் மடக்கிக்கொள்ளுங்கள். முதலில் பழம், பேரீச்சை, சில வீடுகளில் குங்குமப்பூவும் பன்னீரும் மணக்கும் ஓமான் ஹல்வா வரும். அதன் பிறகு ஏலக்காய் போட்ட, பாலும் சர்க்கரையும் இல்லாத கஹ்வா. இனிப்புக்குப் பேரீச்சைதான் துணை.

ஊற்றுகிறவர் இடது கையில் தல்லா என்ற மூக்கு நீண்ட குடத்தைப் பிடித்து வலது கையால் கோப்பையை நீட்டுவார், நீங்களும் வலது கையால் வாங்குங்கள். கோப்பை சின்னது, அதிலும் பாதிகூட ஊற்ற மாட்டார். கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம், சூடு ஆறுவதற்குள் குடித்து மறுபடி வாங்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சமாக ஊற்றுகிறார். காலியான கோப்பையை அப்படியே திருப்பிக் கொடுத்தால் மறுபடி நிரப்பிவிடுவார், போதும் என்று வாயால் சொன்னால் உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்று இன்னும் ஊற்றுவார். போதும் என்றால் கோப்பையை விரலிடுக்கில் பிடித்து இப்படியும் அப்படியுமாக இரண்டு மூன்று முறை ஆட்டிக் கொடுங்கள், அதோடு நிறுத்திவிடுவார். ஒன்று முதல் மூன்று கோப்பை குடித்தால் போதுமானது.

படி 6: வீட்டுச் சாப்பாடு

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். பெரும்பாலான வீடுகளில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள், கணவன் மனைவியாகப் போனால் உங்களையும் பிரித்து அழைத்துப் போவார்கள், பதற வேண்டாம். கையில் பழமோ இனிப்போ கொண்டு போகலாம். தரையில் விரிப்பு, நடுவில் பெரிய தட்டு நிறையச் சோறும் இறைச்சியும், சுற்றி அஞ்சாறு பேர். காயல்பட்டினம், கீழக்கரை கல்யாண வீட்டில் சஹன் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இது புதிது இல்லை. வலது கையால், உங்களுக்கு முன்னால் இருக்கிற பகுதியிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள், நடுவில் கையை விட்டுத் துழாவக் கூடாது. வீட்டுக்காரரே நல்ல இறைச்சித் துண்டாகப் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். சைவம் என்றால் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள், தட்டைப் பார்த்த பிறகு சொன்னால் அவர்கள் ரொம்பவே வருந்துவார்கள். பெருநாள் சமயம் போனால் ஷுவா கிடைக்கும், மசாலா தடவிய இறைச்சியை ஓலைப் பையில் கட்டி மண்ணுக்குள் தோண்டிய அடுப்பில் இறக்கி, ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நாளோ இரண்டு நாளோ மூடி வைத்து வேகவிடுவது.

கடைசியில் சாம்பிராணிப் புகையோ ஊத் என்ற அகில் கட்டைப் புகையோ சுற்றி வரும், ஆடையில் கொஞ்சம் காட்டிக்கொள்ளுங்கள். அது விருந்து முடிந்தது என்பதற்கான அடையாளம், அதற்கு மேல் உட்கார்ந்திருக்காமல் விடைபெறுங்கள்.

படி 7: பெரிய பள்ளிவாசல்

மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் சனி முதல் வியாழன்வரை காலை 8 முதல் 11 மணிவரை போகலாம், வெள்ளி அனுமதி இல்லை. பெண்கள் தலைமுடி, மணிக்கட்டு, கணுக்கால் வரை மூடியிருக்க வேண்டும், ஆண்கள் முழுக்கால் சட்டை. 2001-இல் திறந்த கட்டடம், மூன்று லட்சம் டன் இந்திய மணற்கல்லால் கட்டியது. உள்ளே விரித்திருக்கிற பாரசீகக் கம்பளத்தை 600 பெண்கள் நாலு வருடம் நெய்தார்கள், எடை 21 டன். மற்ற பள்ளிவாசல்களில் பெரும்பாலும் வெளியாட்களை விடுவதில்லை, கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே நுழையாதீர்கள்.

படி 8: கிராமமும் வாதியும்

மிஸ்ஃபத் அல் அப்ரியீன், பிர்கத் அல் மவ்ஸ் மாதிரி ஊர்களுக்குப் போனால் தெருவோரமாக ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். அதுதான் ஃபலஜ். மலையடியிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் சரிவை மட்டும் நம்பித் தண்ணீரைக் கொண்டு வருகிற அமைப்பு, இவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஊருக்குள் நுழைகிற இடத்துத் தண்ணீர் குடிக்க, அதற்குக் கீழே பள்ளிவாசலுக்கும் குளிக்கவும், கடைசியில்தான் பேரீச்சந் தோப்புக்கு. தோப்புக்குத் தண்ணீர் முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். இது தெரியாமல் மேல் முனையில் காலை நனைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவினால் கீழே ஒரு ஊரே அதைக் குடிக்கும், பயன்படுத்தும். வாய்க்காலில் எதையும் அலசாதீர்கள், மடையை அடைத்திருக்கிற கல்லையோ துணியையோ நகர்த்தவே நகர்த்தாதீர்கள், அது யாரோ ஒருவருடைய முறைத் தண்ணீர்.

வாதி என்றால் மலைகளுக்கு நடுவே உள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கு. வாதி ஷாப் போன்ற இடங்களில் குளிக்கலாம், ஆனால் பக்கத்திலேயே குடும்பங்கள் இருக்கும். சட்டையும் முழங்காலுக்குக் கீழே வருகிற உடையும் போட்டுக் குளியுங்கள். பெண்களைப் படம் எடுக்காதீர்கள், கேட்டாலும் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள். ஆண்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நிஸ்வாவில் வெள்ளி அதிகாலை நடக்கிற ஆட்டுச் சந்தையில் விற்பவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருவார்கள், வாங்குபவர்கள் இரண்டு பக்கமும் நிற்பார்கள். கேமராவோடு அந்த வட்டப் பாதைக்குள் இறங்கி நிற்காதீர்கள், அவர்களுக்கு அது பிழைப்பு.

படி 9: சாலையில்

வண்டி வலது பக்கம் ஓடும். வேகக் கேமராக்கள் நெடுஞ்சாலை முழுக்க உண்டு. அழுக்குக் கார் ஓட்டினால் அபராதம் போடக்கூடும் என்கிறார்கள், வாடகைக் காராக இருந்தாலும் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் மேல் கோபம் வந்தாலும் விரலைக் காட்டுவது, திட்டுவது வேண்டாம், அவர் போலீஸில் புகார் கொடுத்தால் அது வழக்காகவே போகும். ஹாரன் அடிக்கலாம் என்றால் டீக்கடை வாசலில்தான்: சாலையோரக் கடைகளில் காரை நிறுத்தி ஒரு தடவை லேசாக அடித்தால் பையன் வந்து கரக் சாயா என்ற கெட்டிப் பால் டீ வேண்டுமா என்று கேட்பார், அனேகமாக மலையாளி, தமிழில் பேசினாலே புரிந்துகொள்வார். அவசரத்துக்கு எண் 9999, போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் அதுவேதான்.