விபத்து வார்டில் கால் மணி நேரம்: குடியைப் பற்றி எப்படிப் பேசுவது

குடித்துவிட்டு ஓட்டி, காரை மீடியனில் ஏற்றி, காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பவரிடம் "இனிமேலாவது குடிக்காதீங்க" என்று சொல்வதற்கு வார்டு ஆலோசகரான நீங்கள் தேவையில்லை. மனைவி, மச்சான், போலீஸ்காரர், பக்கத்து பெட்காரர் என்று எல்லாரும் சொல்லி முடித்தாயிற்று.

போதை முழுக்கத் தெளிந்து வலியும் ஓரளவு அடங்கட்டும், அதற்குப் பிறகு போங்கள். கூட இருப்பவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நின்றுகொண்டே கேஸ் ஷீட்டைப் புரட்டினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். "குடியைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?" என்று அனுமதி கேளுங்கள். நீங்கள் போலீஸ் ஆள் இல்லை என்று சொல்லலாம், ஆனால் கேஸ் பற்றி எந்த வாக்குறுதியும் தராதீர்கள்.

"கொஞ்சம்தான் சார்" என்பார். அந்தக் கொஞ்சத்தை குவாட்டர் கணக்கில் கேளுங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்றால் உள்ளே போவது ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால், 10 கிராம் ஒரு டிரிங்க் என்ற கணக்கில் ஆறு டிரிங்க். இதைச் சொன்னதும் பலர் முகத்தில் ஒரு யோசனை ஓடும், அப்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் திறமை. குடிப்பழக்கத்துக்கு மதிப்பெண் போடும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) கேள்விகள் பத்தும் கையில் இருக்கட்டும்: மொத்தம் 8 வந்தால் எச்சரிக்கை, 20ஐ எட்டினால் உங்கள் பேச்சு மட்டும் போதாது, மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அப்புறம் "குறைக்கணும்னு எவ்வளவு தோணுது, பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். மூன்று என்றால், "ஏன் சைபர்னு சொல்லல?" என்று கேளுங்கள். காரணங்களை அவரே சொல்ல ஆரம்பிப்பார், பிள்ளை, வேலை, இந்தக் கால் என்று. "ஏன் பத்து இல்லை" என்று கேட்டால் குடிப்பதற்கான காரணங்கள்தான் வரும்.

திட்டமும் அவர் வாயிலிருந்தே வரட்டும். "குடிச்சா வண்டி எடுக்க மாட்டேன்" என்பது நல்லதுதான், ஆனால் அதோடு விட்டுவிடாமல் சம்பள நாளில், நண்பர் கல்யாணத்தில் எவ்வளவோடு நிறுத்துவார் என்றும் கேட்டு, ஒரு சீட்டில் அவரையே எழுத வையுங்கள்.

இதெல்லாம் வெறும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டிலில் விபத்துக் காய நோயாளிகளிடம் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் பேசிப் பார்த்தார்கள், 1999இல் வெளியான ஆய்வு. ஒரு வருடம் கழித்து அவர்கள் சராசரியாக வாரத்துக்கு 22 டிரிங்க் குறைத்திருந்தார்கள், அந்தப் பேச்சு கிடைக்காதவர்கள் குறைத்தது ஏழுக்குள்.

ஒன்று மட்டும் கவனம். தினமும் குடித்தவருக்கு அட்மிட் ஆன நிமிடத்திலிருந்தே குடி நின்றுவிடுகிறது. கை நடுக்கம், வியர்வை, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது என்று தெரிந்தால் ஆலோசனையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், வலிப்பு வரலாம். வீட்டில் இருந்து தினமும் குடிப்பவரிடமும் "இன்னையோட நிறுத்திடு" என்று சொல்லாதீர்கள், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண்ணை, சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். கட்டுப் பிரிக்க வரும்போது காலைப் பார்ப்பதோடு அந்தச் சீட்டையும் கேளுங்கள்.