ஐசோட்ரெட்டினோயின் உட்கொள்வோர் கவனத்திற்கு

கடுமையான முகப்பருவுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிவிடுவதால், உதடு வெடிப்பதும் கண்ணும் மூக்கின் உட்புறமும் வறண்டுபோவதும் ஏறக்குறைய எல்லாருக்கும் நேரும்; சிங்கப்பூரில் நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் அமர்ந்திருப்போருக்கு இது இன்னும் கூடலாம். வாசலினும் கண் சொட்டு மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும். வெளியே செல்லுமுன் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, இம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் பாதிப்பை விளைவிக்கும் என்பதால், உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்தியபின் குறைந்தது 1 மாதம் வரையிலும் பெண்கள் கருத்தரிக்கக் கூடாது. மீந்த மாத்திரையைத் தோழிக்குக் கொடுப்பதும், அன்பினால் செய்தாலும், ஆபத்தே. விடாத தலைவலியோ, பார்வை மங்கலோ, மனச்சோர்வோ தோன்றினால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் மருத்துவரை உடனே அழையுங்கள்.