பந்தை விடுங்கள், 59-ஐப் பாருங்கள்: லூக் கீக்லியின் ஆட்டத்தைப் படிக்கும் முறை

அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கர் (தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) என்ன செய்கிறார் என்று கற்றுக்கொள்ள, லூக் கீக்லியின் பழைய ஆட்டப் பதிவுகளைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. 2012 முதல் 2019 வரை எட்டு சீசன், 118 ஆட்டங்கள், கரோலைனா பாந்தர்ஸ் என்ற ஒரே அணி. சட்டை எண் 59.

முதலில் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். 2012 சீசனின் தொடக்க ஆட்டங்கள் வேண்டாம். அப்போது அவர் வெளிப்புற லைன்பேக்கர். அணியின் நடு லைன்பேக்கர் ஜான் பீசன் காயமடைந்த பிறகுதான் நடுவுக்கு வந்தார். 2015 நவம்பர் 26 அன்று டல்லஸ் கவ்பாய்ஸுடன் நடந்த ஆட்டத்தில் தொடங்குங்கள். டல்லஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி வீசுபவர்) டோனி ரோமோ வீசிய இரண்டு பாஸ்களை அதில் பறித்தார். ஒன்றை 32 யார்டு ஓடி, எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து டச்டவுனாக்கினார்.

ஒரே ஆட்டத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை பந்து எங்கே போனாலும் கண் 59-ஐ விட்டு நகரக் கூடாது. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால், பாஸ் வீசும்போது அவர் அடிக்கடி திரையைவிட்டு மறைவார். கோல் பக்கத்திலிருந்து எடுத்த ரீப்ளே வரும்போது நிறுத்திப் பாருங்கள்.

பந்து நகர்வதற்கு முன்பே அவருடைய வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. பயிற்சியாளரின் குரல் ஹெல்மெட் ரேடியோவில் அவருக்கு வரும். அடுத்த ப்ளே தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அது அறுந்துவிடும். அதன்பின் எல்லாம் அவர் கையில்தான். எதிரணி ஆள்களை இடம் மாற்றினால், கீக்லி கையை நீட்டி, கத்தி, தன் முன்வரிசையை ஒரு அடி இப்படியோ அப்படியோ நகர்த்துவார். அந்த இடத்தில் நிறுத்தி, ரன்னா (பந்தோடு ஓடுவது) பாஸா (பந்தை வீசுவது), எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதி வையுங்கள். பிறகு ஓட விடுங்கள்.

அடுத்து, முதல் அடி. அவர் பந்து வைக்கப்பட்ட கோட்டிலிருந்து நாலைந்து யார்டு பின்னால் நிற்பார். அவர் கண் போக வேண்டிய இடம் குவார்ட்டர்பேக்கின் கை அல்ல; எதிரணியில் பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் இருபுறமும் நிற்கும் கார்டுகள். கார்டு தலையைத் தாழ்த்தி முன்னால் பாய்ந்தால் ரன். நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ். வரிசையைவிட்டுப் பக்கவாட்டில் ஓடினால், பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கமே வரும். கார்டை நம்பலாம் என்பதற்கு விதியே காரணம்: முன்னோக்கிய பாஸ் வீசப்படும்வரை கார்டு உள்ளிட்ட, தாக்கும் அணியின் முன்வரிசை ஆள்கள் ஒரு யார்டுக்கு மேல் முன்னேறக் கூடாது.

தவறு நேர்வது ப்ளே-ஆக்ஷனில். பந்தை ஓட்டக்காரரிடம் தருவதுபோல் காட்டி ஏமாற்றி வீசுவார்கள். கார்டும் ஒரு கணம் தலையைத் தாழ்த்துவார். லைன்பேக்கர் இரண்டு அடி முன்னே வந்துவிட்டால் அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய இடம் திறந்துவிடும். கீக்லி ஏமாந்த ஆட்டங்களும் உண்டு. எத்தனை அடி ஏமாந்தார், எவ்வளவு சீக்கிரம் திரும்பினார் என்பதைக் குறியுங்கள். தரம் அங்கேதான் தெரியும். கவர் 2 என்ற தற்காப்பு அமைப்பின் ஒரு வகையில் நடு லைன்பேக்கர் பின்புறமாக ஓடி, களத்தின் நடுப்பகுதியை ஆழமாகக் காக்க வேண்டும். அவருடைய 18 இன்டர்செப்ஷன்களை (எதிரணி பாஸைப் பறித்தவை) பார்க்கும்போது, பந்து கையைவிட்டுக் கிளம்புமுன் அவர் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பாருங்கள்.

டேக்கிள் (பந்தோடு வருபவரை மடக்குவது) எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அறிமுக ஆண்டிலேயே லீகில் அதிக டேக்கிள் அவருடையது. ஆனால் இரண்டாம் யார்டில் மடக்கியதும் எட்டாம் யார்டில் மடக்கியதும் கணக்கில் ஒன்றுதான். உங்கள் குறிப்பில் டவுன் (எத்தனையாவது முயற்சி), வேண்டிய தூரம், முதல் அடியின் திசை, ஆட்டம் நின்ற இடம் என நான்கு கட்டங்கள் போதும். இருபது ப்ளே எழுதினாலே அவருடைய பழக்கங்கள் பிடிபடும்.

கடைசி சீசன்களைப் பார்க்கும்போது காயக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். 2015, 2016, 2017 என மூன்று ஆண்டும் மூளையதிர்ச்சி. 2020 ஜனவரியில் 28 வயதில் விலகினார். ஆட்டம் தளர்ந்ததால் விலகினார் என்று நினைப்பது பெரும் பிழை: 2013 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் ப்ரோ பௌல் எனும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர் அவர். 2013 ஆட்டம் ஒன்றையும் 2019 ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்த முதல் அடியை மட்டும் ஒப்பிடுங்கள்.