காற்று நீக்கிப் பேக் செய்த கடல் மீன்: உருக வைக்கும் முன் கத்தரியை எடுங்கள்

கடலே இல்லாத கொங்குச் சீமைக்கு மீன் வருவதே ஐஸில்தான். கூடவே, குளிரிலும் காற்றில்லாமலும் பிழைக்கிற பாக்டீரியாவும் வரும். இவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ஃபோட்டோபாக்டீரியம் ஃபாஸ்ஃபோரியம். கடல் மீன் சதையிலுள்ள டிரைமெத்திலமீன் ஆக்சைடை டிரைமெத்திலமீனாக மாற்றும். கெட்ட கடல் மீனின் கவிச்சி அதுதான். பவானிசாகர் கட்லா கெட்டால் அந்த வாடை வராது, ஆற்று மீனில் அந்தச் சரக்கு மிகக் குறைவு. இது மீனைக் கெடுக்கும், அவ்வளவே. ஃப்ரீசரில் வைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும்.

இரண்டாவதுதான் ஆபத்து: ‘E’ வகை கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். வடக்குக் குளிர்க்கடல்களின் சேற்றில் அதிகம். காற்று பட்டால் வளராது, ஆனால் 3.3 டிகிரி செல்சியஸிலேயே வளர்ந்து நஞ்சு சுரக்கும். வாக்குவம் பேக்கில் காற்று இல்லை. மீனை நாறவைத்து நம்மை எச்சரிக்கும் மற்ற பாக்டீரியாவும் அடங்கிவிடுகின்றன. அதனால் பேக் மீனில் மூக்கை நம்பாதீர்கள்.

உக்கடம் சந்தையில் முழு மீன் வாங்கினால் கிலோவுக்குக் கிலோ பொடித்த ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய வழி விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை செவுளையும் குடலையும் எடுப்பது. குடல் கிழிந்தால் வயிற்றுக்குள் நன்றாகக் கழுவுங்கள், பாக்டீரியாக் கூட்டம் அங்கேதான்.

ஃப்ரிட்ஜ் எவ்வளவு குளிர்கிறது? நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். சித்திரை வெயிலில், அடிக்கடி திறக்கும் கதவோடு, 6, 7 டிகிரி காட்டினால் ஆச்சரியமில்லை. பேக் மீனுக்கு அது போதாது. மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்தான் இடம்.

உருக வைக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். காலையில் பேக்கோடு சிங்க்கில் போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய், சாயங்காலம் வந்து குழம்பு வைப்பார்கள். அப்படி வேண்டாம். முதலில் பேக்கை வெட்டித் திறந்து, மீனைத் தட்டில் வைத்து மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓரிரவு விடுங்கள். உப்பிய பேக்கை ருசி பார்க்காமல் எறியுங்கள். உப்பாததெல்லாம் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துண்டின் நடுப்பகுதி 85 டிகிரியில் 5 நிமிடம் வெந்தால் நஞ்சு அழியும். ஆனால் அந்தப் பாக்டீரியா உறங்கிக் கிடந்து மறுபடி முளைக்கும் வித்துகள் அதற்கு அசையாது, 90 டிகிரியில் 10 நிமிடம் வேண்டும். ஆகவே மிஞ்சிய குழம்பை வெளியில் வைக்காதீர்கள். சமைக்காமல் தின்னும் புகையிட்ட சால்மனுக்கு இந்தக் காப்பே கிடையாது. சூரை, அயிலை, மத்தியை ஐஸ் இல்லாமல் விட்டால் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது.

சாப்பிட்ட ஓரிரு நாளில் இமை தொங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நாக்கு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், தின்ற மீனைச் சொல்லுங்கள்.