லென்ஸ் கோட்டிங்: கைக்காசைக் கரைக்கும் தவறுகள்

சட்டை நுனியால் துடைக்கக்கூடாது என்று கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுவோம். புதிதாகக் கண்ணாடி போடுகிறவர்கள் எத்தனை முறை சொன்னாலும் நம்பாத தவறு ஒன்று இருக்கிறது.

காரில் விட்டுவிட்டுப் போவது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் கூரையில்லாத மேல்தளம், மதிய வெயில். டாஷ்போர்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். லென்ஸ் பிளாஸ்டிக். ஒளி எதிரொளிப்பைக் குறைக்க அதன்மேல் பூசும் மல்டிகோட் என்பது சிலிக்கான், சிர்கோனியம் போன்றவற்றின் ஆக்ஸைடு அடுக்குகள். எல்லாம் சேர்ந்தும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் வராது. சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்கு ஆக்ஸைடு விரியாது. இழுபட்டு வெடிக்கும். ஆறினாலும் வெடிப்பு மூடாது.

"லென்ஸ் மட்டம், ஆறு மாதத்தில் கீறிவிட்டது" என்று கடையில் சண்டை பிடிப்பவர்களில் பலருடைய லென்ஸில் கீறலே இருக்காது. கழுவி உலர்த்தி, விளக்கொளி தெறிக்கும்படி சாய்த்துப் பாருங்கள். கீறல் துடைத்த திசையில் ஒன்றிரண்டு கோடாக ஓடும். சூட்டு வெடிப்பு சிலந்தி வலையாக லென்ஸ் முழுக்கப் படர்ந்திருக்கும். இரவில் விளக்குகளைச் சுற்றி மங்கல் தெரியும். பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. லென்ஸை மாற்றத்தான் வேண்டும். சில நிமிட அலட்சியத்துக்கு இவ்வளவு செலவு என்பதுதான் எரிச்சல்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிகியூ அடுப்பின்மேல் குனிவது, ஓவன் அடுப்பின் கதவைத் திறந்ததும் எட்டிப் பார்ப்பது, ஹேர் டிரையர், சுடுதண்ணீர்க் குழாய் எல்லாம் இதே கணக்குதான். கடையில் பிரேமை வளைக்கச் சூடுகாட்டும்போது லென்ஸைக் கழற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கொசு மருந்து

டெங்கிப் பயத்தில் முகத்தருகே ஸ்பிரே அடிக்கிறோம். பல ஸ்பிரேக்களில் உள்ள டீட் (DEET) என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையே அரிக்கக்கூடியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூசி, கை கழுவிய பிறகே தொடுங்கள்.

ஜன்னல் துடைக்கும் ஸ்பிரே

பலவற்றில் அம்மோனியா, கோட்டிங்கைக் கெடுக்கும். வேண்டாம்.

ப்ளூ கட்டுக்குக் கூடுதல் காசு

கணினியால் வரும் கண் சோர்வை ப்ளூ கட் (நீல ஒளியை வடிகட்டும் லென்ஸ்) குறைப்பதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அந்தப் பணத்தை நல்ல மல்டிகோட்டில் போடுங்கள். லென்ஸின் எண் அதன் ஒளிவிலகல் எண், அது கூடக் கூட லென்ஸ் மெல்லியதாகும். கோட்டிங் இல்லாத 1.50 லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும், 1.67 லென்ஸில் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். மெல்லிய லென்ஸ் வாங்குகிறவர் மல்டிகோட்டில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

உலர்ந்த துடைப்பு

முதலில் குழாய்த் தண்ணீரில் தூசியைப் போக்குங்கள். லோஷன் கலக்காத பாத்திர சோப்பு ஒரு சொட்டு, விரல் நுனியால் இருபுறமும், பிரேம் ஓரத்திலும். அலசி, உதறி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். துணியைத் துவைக்கும்போது சாஃப்ட்னர் சேர்க்காதீர்கள். அதிலுள்ள மெழுகு போன்ற பசை துணியிலிருந்து லென்ஸில் படிந்து, எவ்வளவு துடைத்தாலும் பிசுபிசுக்கும்.

குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்ததும்

ஆவி படிந்தால் துடைக்காமல் சற்றுப் பொறுங்கள். லென்ஸ் வெளிச்சூட்டுக்கு வந்ததும் தானே தெளிந்துவிடும்.